இதெல்லாம் ஆருக்கு?

வெளிநாட்டுக்குப் போகும் பெண்ணின் கைப்பையில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி முக்கியமான காகிதம் ஒன்று இருக்கும். யார் யாருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல். 2023 நவம்பரில் அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் டோக்கியோ போனபோது என்னிடமும் இருந்தது. மாமியாருக்கு மூட்டுவலிப் பட்டை, மகளுக்குப் பேனா, அண்ணன் மகனுக்குக் கைக்கடிகாரம், அலுவலகத்தில் பகிர்ந்துகொடுக்க சாக்லேட், அம்மாவுக்கு மடக்குக் குடை. பதினோரு பெயர்கள். அதில் என் பெயர் இல்லை.

பட்டியலின் கடைசியில் நானே எழுதிச் சேர்த்தேன்: ‘எனக்கு - ராக். 20,000 யென்.’ நம் பணத்தில் அப்போது ஏறக்குறைய 11,000 ரூபாய். என் சம்பளத்திலிருந்து எடுத்த காசுதான். ஆனாலும், எழுதி முடித்ததும் மகளின் பள்ளி வேன் கட்டணத்தையும் சமையல் எரிவாயு விலையையும் மனம் தானாகவே கூட்டிக் கழித்துப் பார்த்தது. அண்ணன் மகனின் கடிகாரத்துக்கு நான் அப்படிக் கணக்குப் போடவில்லை. இந்த வித்தியாசத்தை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள், தோழிகளே.

வேம்பாரில் பிறந்தவளுக்கு ராக் இசை எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கப்பலில்தான் வந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலும் பனையும் கருப்பட்டியுமாக இருக்கும் ஊர் எங்களுடையது. முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்களில் ஒன்று. படகுத் தொழிலை விட்டுக் கப்பல் வேலைக்குப் போன ஆண்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. என் மாமா அப்படிப் போனவர். விடுமுறைக்கு வந்தபோது ஒரு நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டரும் ஒரு பை கேசட்டுகளும் கொண்டுவந்தார். அதில் ஒன்று டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு. எங்கள் வீட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்றால் முதலில் அந்த ரிக்கார்டர், பிறகு அந்த கேசட்.

மாமாவும் அண்ணன்மாரும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். நான் உள்முற்றத்தில் அம்மாவோடு கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கேட்க அழைக்கவில்லை. சத்தத்துக்குச் சுவர் தெரியாது என்பதால் எனக்கும் கேட்டது. கத்திக்கொண்டு பாடும் அந்த மனிதனுக்கு யாரும் ‘மெதுவாப் பேசு’ என்று சொல்லவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நாளுக்குப் பத்துமுறை அதைக் கேட்கிறவள் நான்.

கோயில் பாடகர் குழுவில் எங்களுக்கு இடம் இருந்தது. ஒரே ஒரு விதி, யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விதி: பெண் பிள்ளைகளுக்குக் குரல், பையன்களுக்குக் கருவி. பதினான்கு வயதில் கிடார் படிக்கணும் என்று கேட்டேன். குழுவைக் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர் சிரித்தார். “கம்பிய அழுத்துனா விரல் காய்ச்சுப் போகும்ளா. நாளைக்கு எவன் கட்டுவான்?” அம்மா பக்கத்தில்தான் நின்றாள். உப்பிலும் கத்தியிலும் காய்த்துப்போன அவள் விரல்களைப் பார்த்தபடி நானும் நின்றேன். மீனுக்காகக் காய்க்கலாம், இசைக்காகக் காய்க்கக் கூடாது.

சென்னைக்குப் படிக்க வந்ததும் ஸ்பென்சர் பிளாசாவின் கேசட் கடை ஒன்றுக்குப் போனேன். மெட்டல் வரிசையில் நான் நின்றதும் விற்பனையாளர் வந்து, “தம்பிக்கா மேடம்?” என்றார். இல்லை என்றேன். “மெலடி அந்தப் பக்கம் இருக்கு” என்று கையைக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. இந்த இசையைப் பெண் தனக்காக வாங்குவாள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. அவ்வளவுதான்.

ஆகவே டோக்கியோவில் கிடைத்த அந்தச் சனிக்கிழமையை நான் யாரோடும் பகிர்ந்துகொள்ளவில்லை. உடன் வந்தவர்கள் கோயில் பார்க்கப் போனார்கள். நான் காலையிலேயே ஒச்சானோமிசு ரயில் நிலையத்தில் இறங்கினேன்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சரிவாக இறங்கும் தெரு. இரண்டு பக்கமும் கிடார் கடைகள். நம் ஊரில் பாத்திரக்கடைத் தெரு இருப்பதுபோல இது கிடார் தெரு. ஒரு கடையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை பேஸ் கிடாரை மடியில் வைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போலிருந்தவர் அவள் புத்தகப்பையைச் சுமந்தபடி பொறுமையாக நின்றார். நான் அங்கே எதுவும் வாங்கவில்லை. நெடுநேரம் நின்றேன்.

மதியம் ஷின்ஜுகு. டிஸ்க் யூனியன் என்ற பழைய இசைத்தட்டுக் கடைகளைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்திருந்தேன். ஒரே பெயரில் ராக்குக்குத் தனி, மெட்டலுக்குத் தனி, பங்க்குக்குத் தனி என்று கடைகள். பழைய பொருள் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு தட்டும் பிளாஸ்டிக் உறைக்குள். எந்த இடத்தில் கீறல், உறை எந்த மூலையில் மடங்கியிருக்கிறது என்பது வரை சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ‘ஒபி’ இருக்கிறதா இல்லையா என்பதும் அதில் உண்டு.

ஒபி என்பது அட்டையின் இடப்பக்கம் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை. வெளிநாட்டு ஆல்பங்களுக்கு ஜப்பானிய மொழியில் பெயரும் விலையும் விளம்பரமும் அச்சிட்டுச் சுற்றுவார்கள். பெரும்பாலோர் கிழித்து எறிந்துவிடுவதால், பட்டை உள்ள தட்டுக்கு விலை அதிகம். கிமோனோவின் மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டைக்கும் அதே பெயர்தான். ஜப்பானியப் பதிப்புகளில் கூடுதலாக ஒன்றிரண்டு பாடல்கள் இருப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே புதிய இசைத்தட்டின் விலையைத் தயாரிப்பாளரே நிர்ணயிக்கலாம், கடைக்காரர் குறைத்து விற்க முடியாது. இறக்குமதித் தட்டோ மலிவு. உள்ளூர்ப் பதிப்பை வாங்கவைக்க ஒரு பாட்டைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து மீன்காரம்மா கூறுகட்டியபின் மேலே ஒரு மீனை எடுத்துப் போடுவாளே, அதுதான்.

மெட்டல் பிரிவில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் அதிகம். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. புடவைக் கடையில் நாம் மடிப்புகளைப் புரட்டும் அதே வேகத்தில், அதே பக்தியில், தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ‘ஷாப்பிங் பைத்தியம்’ என்ற பட்டத்தைப் பெண்களுக்கே கொடுத்து வைத்திருப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும். ஆண்கள் செய்தால் இதற்குப் பெயர் சேகரிப்பு.

நான் தேடி வந்தது பெண்களை. ஐந்து ஆண்கள் சேர்ந்து வாசித்தால் ‘பேண்ட்’ என்றும், ஐந்து பெண்கள் வாசித்தால் ‘கேர்ள்ஸ் பேண்ட்’ என்றும் அங்கேயும் சொல்கிறார்கள். அந்தப் பெயரை வைத்துத் தேடுவது சுலபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

முதலில் கிடைத்தது ஷோ-யா. 1985இல் முதல் தட்டை வெளியிட்ட, ஐந்து பெண்களின் ஹார்ட் ராக் குழு. பெண்கள் மட்டுமே மேடையேறும் ராக் விழா ஒன்றை 1987இல் டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில் தொடங்கியவர்கள் இவர்கள்தான். அடுத்தது ஷோனென் நைஃப். 1981இல் ஒசாகாவில் இரண்டு சகோதரிகளும் ஒரு தோழியும் தொடங்கியது. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர்கள். தின்பண்டங்களைப் பற்றியெல்லாம் பாடுவார்கள். 1991இல் நிர்வாணா குழு இவர்களைப் பிரிட்டனுக்குத் தன்னோடு அழைத்துப்போனது.

பிறகு பிரின்சஸ் பிரின்சஸ். தங்கள் பாடல்களைத் தாங்களே எழுதி, தாங்களே வாசித்த ஐந்து பெண்கள். 1989இல் இவர்களின் ‘டயமண்ட்ஸ்’ பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1996இல் பிரிந்துவிட்டார்கள். 2011இல் ஆழிப்பேரலை வடகிழக்கு ஜப்பானை அழித்தபோது, அடுத்த ஆண்டு ஒரே ஒரு வருடத்துக்காக மீண்டும் சேர்ந்து கச்சேரி செய்து, வந்த பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். அதன் ஒரு பகுதியில்தான் செண்டாய் நகரில் 2016இல் ஓர் இசையரங்கம் எழுந்தது. 2004 டிசம்பரை அறிந்த கடற்கரைக்காரி நான். அரிசியும் துணியும் எப்படி வந்தன என்று தெரியும். அழிந்த ஊருக்குப் பாட்டுக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று யோசித்தவர்கள் பெண்கள் என்பது எனக்கு முக்கியம். அவர்களின் பழைய சிடி சில நூறு யென்தான். அன்று வாங்கியதிலேயே மலிவானது அது.

மாலையில் ஷிபுயா. டவர் ரெக்கார்ட்ஸின் மஞ்சள் கட்டடம், நிலவறையோடு சேர்த்து ஒன்பது தளங்கள். அமெரிக்காவில் பிறந்த நிறுவனம். 2006இல் அங்கே திவாலாகிக் கடைகளை மூடியது. ஜப்பானியக் கிளை அதற்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டதால் பிழைத்துக்கொண்டது. ‘இசை இல்லையேல் வாழ்க்கை இல்லை’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் எங்கு பார்த்தாலும் தொங்குகிறது. அங்கே ஓட்டோபோகே பீவர் குழுவின் தட்டை எடுத்தேன். 2009இல் கியோட்டோவின் பல்கலைக்கழக இசைக் குழாமில் சந்தித்த பெண்கள் தொடங்கியது. இவர்களின் 2022 ஆல்பத்தில், சாலட்டைப் பரிமாற மாட்டேன் என்று கத்துவதற்காகவே ஒரு பாட்டு இருக்கிறது. அலுவலக விருந்துகளில் பெரிய கிண்ணத்து சாலட்டை எல்லோருக்கும் எடுத்து வைப்பது பெண் ஊழியரின் வேலை என்று அங்கே ஓர் எழுதாத சட்டம். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தே பழகிய நமக்கு இந்தப் பாட்டுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

ஜப்பானைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. உலகப் பொருளாதார மன்றத்தின் 2023ஆம் ஆண்டுப் பாலின இடைவெளிப் பட்டியலில் 146 நாடுகளில் இந்தியா 127, ஜப்பான் 125. இரண்டே படி வித்தியாசம். திருமணமானால் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. பெயரை விட்டுக்கொடுப்பது ஏறக்குறைய எப்போதும் பெண்தான். காலை நேர ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது என்றால், மற்றப் பெட்டிகளில் என்ன நடக்கிறது என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்டில் இருந்துதான் இவ்வளவு சத்தமும் வருகிறது.

பணம் கட்டும் இடத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். அப்போது, 5,000 யென்னோ அதற்கு மேலோ வாங்கும் வெளிநாட்டுப் பயணிக்குக் கடையில் வரி பிடிக்கவில்லை. கடைக்காரப் பெண் படம் உள்ள பக்கத்தை மட்டும் பார்த்தாள். அதில் நான் மட்டும் இருக்கிறேன். அப்பா பெயரும் கணவர் பெயரும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. அவளுக்கு அது தேவைப்படவில்லை. சில்லறையைச் சின்னத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

மறுநாள் ஞாயிறு, கின்சா வழியாக நடந்தபோது மிக்கிமோட்டோ கடையைப் பார்த்தேன். வளர்ப்பு முத்தை 1893இல் உருவாக்கிக் காட்டியவரின் கடை. உலகச் சந்தையில் இயற்கை முத்தின் மதிப்பை விழவைத்தது அந்த வளர்ப்பு முத்துதான். எங்கள் மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. எங்களுக்கும் அந்தத் தொழில்நுட்பம் வந்தது, 1973இல், வேப்பலோடையில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மூலமாக. ஆனால் எங்கள் கடலுக்கும் அவர்கள் கடலுக்கும் வேறொரு வித்தியாசம் உண்டு. அங்கே ‘அமா’ என்று அழைக்கப்படும் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் குதித்துச் சிப்பி எடுத்தார்கள். இங்கே குளிப்பது ஆண், மேலே கயிற்றைப் பிடிப்பதும் ஆண். தங்கை தாலியறக் கூடாது என்று மச்சான் கயிற்றை விடமாட்டான், அதனால் மச்சானைத்தான் பிடிக்கச் சொல்வார்கள் என்பார்கள் எங்கள் பக்கத்தில். கதையில் பெண் வருகிறாள், தாலியாக.

ஊருக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குடையை விரித்துப் பார்த்துத் திருப்தியாக மடக்கினாள். தைலப்பட்டை, பேனா, கடிகாரம் எல்லாம் உரியவர் பெயரோடு ஒதுக்கப்பட்டன. அடியில் இருந்த தட்டுகளைத் தூக்கினாள்.

“ஏட்டி, இதெல்லாம் ஆருக்கு?”

“எனக்குத்தாம்மா.”

விலை கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பிரின்சஸ் பிரின்சஸ் உறையைத் திருப்பி, “எல்லாம் பொட்டப்பிள்ளையளா?” என்றாள். ஆமாம் என்றேன். அவர்கள் மீண்டும் சேர்ந்து வாசித்த கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்பமே உனக்கு அந்தக் கிடாரை வாங்கிக் கொடுத்திருக்கலாம். எங்கிட்டச் சீட்டுப் பணம் கெடந்துச்சு. பொறவு உங்க அண்ணனுக்கு வலை வாங்க ஆயிப்போச்சு” என்றாள். முப்பது வருடமாக எனக்குத் தெரியாத செய்தி.

அம்மாவிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் குடையோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். அன்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, ரேடியோ என்றாள். “எனக்கு மட்டும். உங்க அண்ணன் மாத்தக் கூடாது.” அடுத்த வாரம் வாங்கிக் கொடுத்தேன். இப்போது மீன் கீறும் இடத்தில் அது பாடிக்கொண்டிருக்கிறது, அவள் வைத்த சத்தத்தில்.

உங்கள் அடுத்த பட்டியலிலும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், தோழிகளே. இசையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதற்கு நேராக உங்கள் பெயரைப் போடுங்கள். கையோடு தொகையையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அது எப்படியாவது வலை வாங்கப் போய்விடும்.