நாம் எழுதிய சாதகம்

மலையிலே மூடுபனி, மனையிலே மழலைமொழி. பழனி மலைத்தொடரின்மீது, கொடைக்கானலிலே, நம் இல்லத்தில் ஒரே நாளில் இரு செல்வங்கள் பிறந்தன. முதலில் மகன்; 12 நிமிடம் கழித்து மகள்.

உறவினர் ஒருவர் சாதகம் கணித்து வந்தார். ஒரே இராசி, ஒரே நட்சத்திரம், ஒரே கட்டம்! "அப்படியானால் இருவருக்கும் ஒரே வாழ்வுதானா, ஐயா?" என்று கேட்டோம். பெரியவர் புன்னகைத்தார், விடை வரவில்லை. மகன் அழுதால் தெருவே கேட்கும். மகள் விழித்தாலும் வீடு அறியாது. தொட்டிலிலேயே தோற்றது சோதிடம் என்று எள்ளி நகைத்தோம்.

நகைக்க நமக்கு உரிமை உண்டென எண்ணினோம். குழந்தை வளர்ச்சியியலை முறையாகக் கற்றவர் நாம். பிற பெற்றோர்க்கு அறிவுரை கூறுவதே நம் தொழில். எப்போது தவழ வேண்டும், எப்போது இரு சொல் சேர்த்துப் பேச வேண்டும், அனைத்தும் அறிவோம்! குறிப்பேடு ஒன்று வைத்தோம். நடுவே ஒரு கோடு. இடப்புறம் மகன், வலப்புறம் மகள்.

இரண்டாண்டு நிறைந்தது. இடப்புறம் சொற்களால் நிரம்பிற்று. வலப்புறம் வெறுமையாகக் கிடந்தது. மகளின் செவியைச் சோதிக்கச் செய்தோம், குறையில்லை. இரட்டையர் பேசச் சற்றுக் காலம் தாழ்வதுண்டு. பெற்றோரின் பேச்சு இருவருக்கும் பங்கிடப்படுவது அதற்கொரு காரணம். இது நாம் படித்ததே, பிறர்க்குச் சொன்னதே. ஆயினும் 'பின்தங்கியவள்' என்று எழுதினோம். எழுதியவாறே நடத்தினோம். கேள்வியெல்லாம் மகனுக்கு, கொஞ்சல் மட்டும் மகளுக்கு!

ஒருநாள் மகனுக்குக் காய்ச்சல். துணைவியார் அவனருகே இருக்க, மகளை மட்டும் தோளில் சுமந்து கோக்கர்ஸ் நடைபாதைக்குச் சென்றோம். பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த பனி, எதிரே நின்ற மலையை விழுங்கிற்று. சின்னஞ்சிறு விரல் நீண்டது.

"அப்பா, மலை காணோம்!"

திகைத்து நின்றோம். வாய் இல்லாதவள் அல்லள், வாய்ப்பு இல்லாதவள்! வீட்டிலே யார் எதைக் கேட்பினும் தமையன் முந்தி விடை சொல்வான்; நாமும் அதை ஏற்று அப்பால் நகர்வோம். சோதிடரின் கட்டத்தை எள்ளிய நாம், நம் கையாலேயே மகளுக்கொரு சாதகம் எழுதியிருந்தோம். கோளின் பெயரால் எழுதினால் மூடத்தனம். அறிவியலின் பெயரால் எழுதினால் அறிவுடைமையோ?

இதே கொடைக்கானலில் 1942 முதல் 1944 வரை மரியா மாண்டிசோரி அம்மையார் வாழ்ந்தார். ஆசிரியர்க்குப் பயிற்சி தர 1939இல் சென்னை வந்த இத்தாலியர். உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தவர். எழுபது கடந்த வயதில், மகன் மாரியோ துணைநிற்க, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்தார். அந்த மாரியோ, 1898இல் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்; சமுதாயத்தின் பழிச்சொல்லால் வேறிடத்தில் வளர்ந்து, இளம்பருவத்தில்தான் தாயை அடைந்தவர். பிறந்த குழந்தையின் நெற்றியில் தீர்ப்பெழுதும் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்டவர் அம்மையார். அவர் ஆசிரியர்க்கு இட்ட முதற்பணி என்ன? குழந்தையை உற்று நோக்குவது!

நடுக்கோட்டுக் குறிப்பேட்டை மூடினோம். நாள்தோறும் அரைமணி நேரம் மகனோடு தனியே, அரைமணி மகளோடு தனியே என வகுத்துக்கொண்டோம். மகள் இன்று ஓயாது பேசுகிறாள். மகன் காத்திருக்கக் கற்கிறான்.

பெற்றோரே! பனி மறைத்த மலை, இல்லாத மலை ஆகிவிடாது. விலக வேண்டியது பனி. பல வேளைகளில் அந்தப் பனி நாமேதாம்!