தட்டினால் விடணும்

எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புக்கலை ஜிம்மில் டிரையல் கிளாஸுக்கு வந்த எங்களுக்கு மாஸ்டர் முதலில் சொல்லிக்கொடுத்தது குத்தோ உதையோ அல்ல, தட்டுவது. பிடியில் சிக்கி வலி தாங்கவில்லையா, எதிராளியின் உடம்பிலோ பயிற்சி மெத்தையிலோ இரண்டு மூன்று தடவை தட்டணும். கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம், வாய்விட்டும் சொல்லலாம். தட்டியதுமே மற்றவர் விட்டுவிடணும்.

எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பூட்டினார். குரல்வளையை அவர் கை அழுத்தவே இல்லை. முழங்கை மடிப்பு என் தாடைக்கு நேர் கீழே நிற்க, கழுத்தின் இருபுறமும் ஓடும் ரத்தக்குழாய்கள்தான் நெருங்கின. மூச்சு அது பாட்டுக்கு வந்துபோனது. காதுக்குள் மட்டும் இரைச்சல். சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும் பிடி. தட்டினேன், விட்டார்.

“ஓகேவா சார்? இன்னொரு தடவை போடட்டுமா?”

“போடுங்க தம்பி.”

இப்படி மறுபடியும் கழுத்தைக் கொடுக்க முடிவது எனக்குப் பெரிய அதிசயமாகப்படுகிறது. 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆளை முடமாக்கும் வித்தைகளைத் கட்டற்ற பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கிவைத்தார். மிச்சமிருந்ததை முழு பலத்தோடு, எதிர்த்து முண்டுகிற ஆளிடமே பழக முடிந்தது. கொல்லும் அடியை ஒத்திகைதான் பார்க்கலாம். விட்டுவிடக்கூடிய பிடியைத் தினமும் நிஜமாகவே போடலாம். அந்த ஜூடோ பிரேசிலுக்குப் போய் கிரேசி குடும்பத்தின் கைக்கு வந்தது. 1951இல் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுரா கையை முறுக்கியபோது அந்தக் குடும்பத்து ஹீலியோ கிரேசி தட்டவில்லை. கை முறிந்தது; அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். அதே ஹீலியோவின் மகன் ராய்ஸ், 1993இல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. சண்டைப் போட்டியில் எதிர்வந்த மூவரையும் தட்டவைத்தே வென்றார்.

மற்போரைப் பாடும் புறநானூற்றின் 80ஆம் பாட்டை வீட்டுக்கு வந்ததும் மறுபடி எடுத்துப் படித்தேன். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியது. ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டிருக்கிறது. மறு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைகிறது. முன்பு படித்த நாளில் எனக்கு இது வெறும் வீர வர்ணனை. மெத்தையில் ஒருவர் முழங்கால் என் நெஞ்சில் இறங்கிய பிறகுதான், புலவர் கிட்டே நின்று ஒவ்வொரு காலாகப் பார்த்திருக்கிறார் என்று புரிந்தது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல மல்லனின் தலையும் காலும் ஒடிய மோதுகிறான் கிள்ளி. மகனோடு பகைத்திருந்த தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், இதைக் காணட்டும் என்கிறார் புலவர்.

அவருக்குத் தந்தையின் கண்தான் கவலை. எனக்கு அந்த மல்லன்மேல்தான் கண். அவனுக்குப் பாட்டில் பெயர்கூட இல்லை. அவன் தட்டி, கிள்ளி விட்டிருந்தால், மறுநாளும் ஆமூரில் இருவரும் கட்டிப் புரண்டிருப்பார்கள். கிள்ளிக்கும் அவனைவிட நல்ல ஜோடி எங்கே கிடைத்திருக்கும்?