எண்ணெய் சொன்ன சாட்சி

எண்ணெய் விஷயத்தில் நம்மவரிடையே அபிப்பிராய பேதங்களுக்குக் குறைவே இல்லை. தலைக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா என்று ஒரு வீட்டில் விவாதம் தொடங்கினால், பொழுது சாய்வதற்குள் அது முடியாது. ஆனால் பழைய மோட்டார் வண்டி என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி: “கனத்த எண்ணெயாக ஊற்று!” வயோதிகருக்குக் கம்பளி போர்த்துவதுபோல் இதையும் ஒரு கருணையாகவே நினைக்கிறார்கள்.

1912-ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய நகரம் எங்கள் மதுரை. ஆகையால், அதற்கு மேற்கே சமணர் மலையடியில் இருக்கும் எங்கள் கீழக்குயில்குடியிலும் இஞ்சின் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. தாமரைக் குளத்தருகே வண்டியை நிறுத்தினால் போதும். நாலு பேர் வந்து நாலு யோசனை சொல்வார்கள்.

இஞ்சினுக்குள் எண்ணெயின் வேலை என்ன? ஓடும் இரும்பு இரும்பைத் தொடாதபடி நடுவில் மெல்லிய படலமாக நிற்பது. சூடேற ஏற எண்ணெய் இளகும். டப்பாவின்மேல் ‘20 டபிள்யூ 40’ என்று காண்கிறதே, அது 1911-இல் அமெரிக்காவின் மோட்டார் பொறியாளர் சங்கம் தொடங்கிய தர வரிசையின் வழிவந்த குறி. ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது. அந்த முதல் எண்ணுக்குரிய சோதனைகள் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரிக் குளிரில் நடப்பவை. மதுரையில் மார்கழி விடியற்காலையிலும் அந்தக் குளிரைக் கனவில்தான் காண வேண்டும்! நமக்கு முக்கியமானது பின்னால் வரும் எண். 100 டிகிரிச் சூட்டில் எண்ணெயின் கனத்தை அது சொல்கிறது. 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. அதே எண்ணெய் காலையில் இஞ்சின் ஆறிக் கிடக்கையில் பத்து மடங்குக்கும் மேல் கனத்திருக்கும். கனம் மிகுந்தால், வண்டியைக் கிளப்பியவுடன் மேலுள்ள பாகங்களுக்கு எண்ணெய் ஏறிச் சேரத் தாமதமாகும்.

நெடுந்தூரம் ஓடிய வண்டியில் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிடும். அந்த இடுக்கு வழியே எண்ணெய் மேலேறி எரிந்து, நீலப் புகையாக வெளிவரும். கனத்த எண்ணெய் ஊற்றினால் கசிவு குறையும், புகையும் அடங்கும். வண்டி செய்தவர்களின் புத்தகம் அனுமதித்தால், ஒரு படி கனத்த எண்ணெய் நியாயமான சிகிச்சையே. ஆனால் தேய்ந்த இரும்பு அதனால் வளர்ந்துவிடாது. புகை அடங்கியதே ஒழிய நோய் அடங்கவில்லை.

இதை நான் வெறும் சாஸ்திரமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸிடர் இருந்தது. உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த ஜாதிக்குக் கல்யாண ஊர்வலங்களில் இன்றும் மவுசு உண்டு. எங்கள் தெருவிலுள்ள இளைஞர் ஒருவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க எண்ணி அதை விலைக்குக் கேட்டார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் புரட்டியிருந்தார். வண்டியோ இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. மேடு ஏறும்போதெல்லாம் நீலப் புகை.

மெக்கானிக் என் காதோடு சொன்னார்: “சார், இதுக்கு ஏன் யோசனை? கனத்த ஆயிலா ஊத்திருவோம். ஒரு மாசம் புகை அடங்கியிருக்கும். அதுக்குள்ளே வண்டி கைமாறிடும்.”

“அதே ஆயிலை வைத்து உண்மையையும் சொல்ல முடியுமே?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். தொழில் தெரிந்தவர், நான் சொன்னது உடனே புரிந்தது. இளைஞரையும் வரவழைத்தோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, இஞ்சினைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தார். இரண்டில் முள் தாழ்ந்து நின்றது. அவ்விரண்டிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுழற்றினார். முள் ஏறியது! எண்ணெய் சற்று நேரம் ரிங்கின் இடுக்கை அடைத்ததால் வந்த ஏற்றம் அது. முள் ஏறாதிருந்தால் பழுது வால்வுகளில் என்று தேடியிருக்க வேண்டும். ஆக, மூடி மறைக்க வந்த எண்ணெயே சாட்சி சொல்லிவிட்டது.

ரிங் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டேன். இளைஞரின் முகம் வாடும் என்று நினைத்தேன், வாடவில்லை.

“நோவு எங்கேன்னு தெரிஞ்சா வைத்தியம் பாத்துக்கலாம் சார். தெரியாமப் போனாத்தான் நடு ரோட்டிலே நிக்கணும்” என்றார்.

கழித்த தொகை எங்களுக்கும் பெரிதுதான். வீட்டில் என்ன பதில் கிடைக்குமோ என்ற தயக்கத்துடன் விஷயத்தைச் சொன்னேன். “தினம் அவன் வாசலைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போகிறீர்கள்!” என்றாள் என் மனைவி. அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வாரம் ஒரு தடவை ஆயில் அளவைப் பாருங்கள். குறித்த தூரம் ஓடியதும் எண்ணெயை மாற்றுங்கள். கறுத்துப்போன எண்ணெயில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இஞ்சினின் ஆயுள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. புகை தென்பட்டால், எதைக் கொண்டு அடக்கலாம் என்று கேட்பதற்கு முன், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதற்கு ஆகும் எண்ணெய் ஒரு கரண்டிதான்.