அம்மா தூக்கவில்லை, உருட்டினார்!

2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலை. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் டீ குடிக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் என் பங்குக்கு ஒரு கார்டு தயார் செய்தேன். 'பூமியில் 26 கிலோ நிறை கொண்ட பிரக்யான் ரோவர், நிலவில் வெறும் 4 கிலோ நிறைதான்!'

சீனியர் எட்டிப் பார்த்தார். "நிறையா, எடையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"சயின்ஸ் பீரியட்ல தூங்கிட்டியாம்மா?" என்று சிரித்தவர், நின்றபடியே பாடம் நடத்தினார். நிறை என்பது பொருளுக்குள் இருக்கும் சரக்கு. எங்கே கொண்டுபோனாலும் மாறாது. எடை என்பது அந்தச் சரக்கைக் கீழே இழுக்கும் விசை. நிலவின் இழுப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். அதனால், அங்கே ரோவரைத் தூக்கினால் நாலு கிலோ சொச்சம் அரிசிப் பையைத் தூக்குவதுபோல இருக்கும். ஆனால், ஓடி வரும் ரோவரைத் தடுத்து நிறுத்த, இங்கே எவ்வளவு பலம் வேண்டுமோ அங்கேயும் அவ்வளவு வேண்டும். (அது விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் நகருமாம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்!) கடையில் 'எடை போடுங்க' என்று சொல்லி கிலோ கணக்கில் நாம் வாங்கி வருவதும் நிறையைத்தானாம்.

கார்டைத் திருத்திப் போட்டுவிட்டு, இரவு பத்தரை மணிக்கு அம்மாவுக்கு போன் செய்தேன். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவருக்குக் கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன் நடந்திருந்தது. 'மூணு மாசத்துக்கு வெயிட் தூக்கக் கூடாது' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பத்து நாள் லீவில் கூட இருந்துவிட்டு, அவரைத் தனியாக விட்டு சென்னைக்கு வந்திருந்தேன்.

அம்மாவின் குரல் சரியில்லை. துருவித் துருவிக் கேட்டதும் வந்தது. "கேஸ் தீந்துபோச்சுடி. புது சிலிண்டர் வாசல்லயே இருந்துச்சு..."

"தூக்குனியா?"

"தூக்கலையே. சாய்ச்சு உருட்டிட்டுத்தான் வந்தேன். அடுப்படிகிட்ட வேகமா உருண்டுடுச்சு. இழுத்துப் பிடிச்சேன், அடிவயிறு சுரீர்னுச்சு."

சிலிண்டருக்குள் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்புக்கூட்டையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். உருட்டும்போது எடையைத் தரை தாங்கிக்கொள்கிறது. அதனால் நமக்குச் சுமையே தெரிவதில்லை. ஆனால், நிறை எங்கேயும் போய்விடவில்லை. நகர ஆரம்பித்த 30 கிலோவை நிறுத்தியது அம்மாவின் அடிவயிறு. நான்கு மணி நேரம் முன்பு கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், 'உருட்டினா ஒண்ணும் ஆகாதும்மா' என்று. அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தையல் பிரியவில்லை. டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். நான் சிலிண்டர் போடும் அண்ணனின் நம்பரை வாங்கிப் பேசினேன். "அக்காவுக்கு ஆபரேஷன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வாசல்ல வெச்சுட்டு வந்திருப்பேனா?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதன்பிறகு அடுப்படி வரை கொண்டுவந்து, மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.

அம்மாவிடம் நிறை, எடை, நிலவு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏன்டி, அந்த நிலா வண்டி 26 கிலோதானா? நம்ம சிலிண்டரைவிடக் கம்மிதான்!"