போர்டிங் டீச்சர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

இப்போது இந்த வேலைக்கு 'ஹவுஸ் பேரன்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் காலத்தில் ஆண் பிள்ளைகள் பக்கம் வார்டன் சார், பெண் பிள்ளைகள் பக்கம் போர்டிங் டீச்சர். அவ்வளவுதான். சம்பள ரிஜிஸ்டரில் நான் இடைநிலை ஆசிரியை. சாயங்கால மணி அடித்த பிறகு ஆரம்பிக்கிற வேலைக்கு ஒரு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தார்கள்.

'பேரன்ட்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நம் போர்டிங் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்பா அம்மா உள்ளவர்கள். பெங்களூரில் சித்தாள் வேலை, கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று போனவர்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போது அந்தப் பெயரை நான் எப்படி எடுத்துக்கொள்வது? திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியபோது இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த அம்மையார் மட்டும் 'அம்மா'. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நம் ஊர்ப் பெண்கள் 'அக்கா', வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி'. போக்கிடம் இல்லாத பிள்ளைகள் அங்கே அதிகம், அதனால் ஒரு குடும்பத்தையே கட்ட வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்குக் குடும்பம் இருந்தது, தூரத்தில் இருந்தது. எனக்கு 'டீச்சர்' போதும்.

கிறிஸ்தவப் போர்டிங் என்பது நம் பக்கம் நேற்று வந்ததல்ல. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா மிகவும் அடிபட்டது. தருமபுரி அப்போது சேலத்தோடு இருந்தது, 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் தனி மாவட்டம் ஆனது. பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்காகத் தென்னிந்தியாவில் பல மிஷன்கள் விடுதிகளைத் திறந்தார்கள். பஞ்சம் போனது, வறட்சி போகவில்லை. மானாவாரி ராகியும் கொள்ளும் அவரையும் எடுத்து முடிந்தால் ஊரில் வேலை இல்லை. பிள்ளையைக் கூட அழைத்துப் போனால் படிப்பு போகும், விட்டுப் போனால் சோறு போகும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார், மத்தியானம் ஒரு வேளை உறுதியானது. ராத்திரி? அந்த ராத்திரிக்குத்தான் போர்டிங்.

ராத்திரி என்றால் என்ன என்று இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஃபிரோபெல் படித்தேன், மாண்டிசோரி படித்தேன், குழந்தை உளவியலில் நல்ல மார்க். சிரங்கு வந்தால் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது, அறையில் உள்ள அத்தனை பேருக்கும் கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே நாளில் பூச வேண்டும், பாயும் போர்வையும் அன்றைக்கே வெயிலுக்குப் போக வேண்டும் என்பதை ஆயம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆயம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. என் உளவியல் புத்தகத்தைவிட அவருக்குப் பிள்ளைகளைத் தெரியும்.

பாயை நனைக்கிற பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். ஜூன், ஜூலையில் கூடும், பூஜா லீவுக்குள் குறையும். லீவு முடிந்து வந்தால் மறுபடி கூடும். பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுப்பிக் கூட்டிப்போவோம். அப்படியும் நனைந்தால், ஐந்து மணி பெல் அடிப்பதற்கு முன்னால் ஆயம்மாவும் நானும் அந்தப் பாயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விடுவோம். மற்ற பிள்ளைகள் பார்க்கக் கூடாது, அது மட்டும்தான் எங்கள் கணக்கு. இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இப்போதுதான் விஷயம் தெரியும். இன்றைக்குப் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறீர்கள், பயப்படாதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்!

கிருஷ்ணகிரி 2004இல்தான் தனியாகப் பிரிந்தது. அதுவரை தேன்கனிக்கோட்டைப் பிள்ளையும் நம் மாவட்டத்துப் பிள்ளைதான். அங்கிருந்து கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் வருவார்கள். அரூர்ப் பக்கம் தாண்டாக்களிலிருந்து லம்பாடிப் பிள்ளைகள், சித்தேரி மலையிலிருந்து மலையாளிப் பிள்ளைகள். (வெளியூர் உறவுகளுக்காக: மலையாளி என்பது இங்கே மலைவாழ் மக்களின் பெயர், அவர்கள் பேசுவது தமிழ்.) பகலில் எல்லோரும் தமிழ்தான். தூக்கத்தில் பேசும்போது அவரவர் வீட்டுப் பேச்சு வரும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். லம்பாடியில் 'தண்ணீர்', 'வலிக்கிறது', 'பயம்' மூன்று சொல்லையும் பெரிய பிள்ளைகளிடம் கேட்டு என் டைரியில் எழுதி வைத்திருந்தேன். போர்டிங்கில் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி போட யோசனை வந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் அந்த விதி என் அறையில் செல்லாது என்று சொல்லிவிட்டேன்.

தகரப் பெட்டிகள் நினைவிருக்கிறதா? சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். சின்னப் பிள்ளைகள் பலர் பெட்டிக்குள் அம்மாவின் பழைய புடவை ஒன்று வைத்திருப்பார்கள். சனிக்கிழமை துணி துவைக்கும் நாளில் எல்லாம் சோடா உப்பில் வேகும், அந்தப் புடவையை மட்டும் தொடக் கூடாது. வாசனை போய்விடும். சுத்தம் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் "அது பெட்டித் துணி" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி பஸ் பிடித்து, காலில் சிமென்ட் காயாமலே வந்து நிற்கிற தாய்மார்கள் உண்டு. வராதவர்களின் பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சமையலறையில் வேலை கொடுத்துவிடுவேன், கேட் கண்ணில் படாத இடம். மறுநாள் கார்டு எழுத வைப்பேன். எழுதுவதில் ஒரு சிக்கல், அந்தக் கார்டை அங்கே மேஸ்திரிதான் படித்துக் காட்டுவார். பிள்ளை மனதில் உள்ளதை எப்படி எழுதும்? எல்லாம் 'நலம், நலமறிய ஆவல்'தான். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கார்டில் கையை வைத்து பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவாள், மாதா மாதம். அவள் தாய் ஒரு முறை வந்தபோது ரவிக்கைக்குள்ளிருந்து அத்தனை கார்டுகளையும் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மகள் கையைப் பிடித்து அளந்து பார்த்தாள். "வளந்துட்டா டீச்சர்" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது, மேஸ்திரியும் தேவைப்படவில்லை.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குக் கூட நிற்காமல் ஓடிவிடுவாள் என்று என்மேல் ஒரு குறை உண்டு. ஆறரை மணிக்கு ஸ்டடி. நான் இல்லாவிட்டால் வேறு யாரும் இல்லை.

இவ்வளவும் எழுதக் காரணம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் பழைய மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி. "பையன் ரெண்டாவது போறான். நான் போர்டிங்ல வளந்தவதானே, அவனையும் சேத்துடட்டுமா டீச்சர்?" இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் என்றேன். நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன் அம்மாவுக்கு அன்று வேறு வழி இல்லை, உனக்கு இருக்கிறது. ஊரில் பாட்டி இருக்கிறார். அரசுத் தொடக்கப் பள்ளியில் இப்போது காலை உணவே கிடைக்கிறது, 2022இல் ஆரம்பித்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு பாட்டி வைக்கிற களி போதும். ஆறாம் வகுப்புக்கு அப்புறம், பையனே விரும்பினால் யோசிக்கலாம்.

பாட்டியும் இல்லாதவர்கள், தாய் தகப்பனில் ஒருவர் போய் மற்றவர் தூர தேசத்தில் இருப்பவர்கள் சேர்த்துத்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு: கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2014இல் சட்டம் வந்திருக்கிறது, கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. மிஷன் பெயர் பலகையில் இருக்கிறது என்பது உரிமம் ஆகாது. பிள்ளைக்கு 1098 நம்பரை மனப்பாடம் செய்து கொடுங்கள். முடிந்தால் சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள், காலையில் எல்லா விடுதியும் நன்றாகத்தான் இருக்கும். கக்கூஸுக்குப் போகிற வழியில் ராத்திரி விளக்கு எரிகிறதா, பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் படுப்பது யார், வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் பிள்ளை யாரிடம் போன் கேட்க வேண்டும், பக்கத்தில் யாரும் நிற்காமல் பேச விடுவார்களா. கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் பிள்ளையின் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.