வேளாங்கண்ணிச் சாலையும் பின்னிருக்கையும்

ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரத்தில் தஞ்சைத் தரணியின் சாலைகள் காவி நிறம் பூணுகின்றன. ஆரோக்கிய அன்னையின் திருவிழாவுக்கு 29ஆம் நாள் கொடி ஏறும். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அதற்குள் வேளாங்கண்ணியை அடைந்துவிட வேண்டுமென்று, காவியுடை அணிந்து, செபமாலை கழுத்திலாட, சிறு சப்பரங்களைத் தள்ளிக்கொண்டு மக்கள் நடக்கிறார்கள். அவர்களிடையே பேருந்துகளும், வேன்களும், எங்களைப் போன்று இரண்டு சக்கரங்களை நம்பி வருவோரும் ஊர்ந்து செல்கிறார்கள்.

நாங்கள் திருச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். எங்களில் வண்டி ஓட்டுபவர் கணவர், பின்னிருக்கை மனைவிக்குரியது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு. ஒரு நாளில் சென்றுவிடலாம் என்றாலும், கல்லணை, பூண்டி என்று சுற்றிச் செல்ல எண்ணியபடியால் கொடியேற்றத்திற்கு முந்தைய நாள் விடியுமுன்னரே வண்டியை எடுத்தோம்.

இப்பயணத்திற்கென நாங்கள் செய்த ஆயத்தத்தைக் கூறாமல் மேலே செல்வது நேர்மையாகாது. மோட்டார் சைக்கிளுக்குத் துணைக்கருவிகள் விற்கும் கடையொன்றினுள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் நின்றோம். கூரையிலிருந்து தொங்கியவை எத்தனை! லெக் கார்டு, கைப்பேசி தாங்கி, கையுறை, கூடுதல் விளக்கு, டேங்கின் மேல் வைக்கும் பை, பலவகை ஓசை எழுப்பும் ஹாரன். கடைசியில் இரண்டு கான்வாஸ் பக்கப் பைகள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம், கொக்கியிட்ட ரப்பர் கயிறுகள், கைப்பேசி தாங்கி, கண்ணைப் பறிக்கும் வெண்ணிற விளக்கு ஒன்று ஆகியவற்றை வாங்கினோம். பையின் சட்டத்தைப் பொருத்த இடமில்லை என்று கடைக்காரர் கூறவே, வண்டியின் இடப்புறத்திலிருந்த சேலைக் காப்பைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டோம். பின்னிருப்பவருக்குத் தலைக்கவசம்? அது ஏற்கெனவே இருந்தது. சாலையோரத்தில் விற்கும் தொப்பி போன்ற ஒன்று. காவலர் நிறுத்தினால் காட்டுவதற்காக எப்போதோ வாங்கியது. வாங்கிய பொருள்களை இன்று எண்ணிப் பார்க்கையில், ஒன்று ஓட்டுபவருக்கு உரியது, மற்றது பெட்டி படுக்கைக்கு உரியது. பின்னால் அமரும் மனிதருக்கென ஒரு காசும் நாங்கள் செலவழிக்கவில்லை.

காவிரிக் கரையோரமாகக் கல்லணைக்குச் செல்லும் சாலை விடியற்காலையில் மிக இனியது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் வாழைத் தோட்டங்கள். கரிகாலன் பெயர் விளங்கும் அணையைத் தொட்டபோது கிழக்கே கதிரவன் எழுந்தான். அங்கேதான் முதல் பாடம். தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி பல ஆண்டுகள் துணியால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்திருந்தது. கதிரொளி நேரே பட்டதும் கண்ணாடி முழுவதும் பால் போல் வெளுத்து, எதிரே வந்த மாட்டுவண்டி மறைந்தே போயிற்று. கண்ணாடியைத் தூக்கிவிட்டால் ஆற்றங்கரைப் பூச்சிகள் கண்ணில் விழுகின்றன. தலைக்கவசம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. முகக்கண்ணாடி மட்டும் தனியே கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி பகலில் அழகாயிருக்கலாம். இருட்டியபின் அது கண்கட்டே ஆகும்.

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே, வீரமாமுனிவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பூண்டி மாதா பேராலயத்தில் திருப்பலி கண்டோம். வெளியே வந்து நின்ற வண்டிகளை நோட்டமிட்டோம். டேங்கின் மீது மாதா படம், சாவியில் சிலுவை, முகப்பில் புனித கிறிஸ்தோபரின் பதக்கம். 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது கிறிஸ்தோபரின் விழா பொது நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. உடனே, 'அவர் புனிதரே அல்லராம்' என்று பலர் பேசினர்; அது தவறு. அவர் புனிதராகவே இருக்கிறார், பயணிகளின் பாதுகாவலராகவும் இருக்கிறார். இத்தாலியில் காஸ்தெல்லாட்சோ போர்மிதா என்னும் ஊரில் அன்னை மரியாவுக்கு ஒரு திருத்தலம் உண்டு. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையை மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆண்டுதோறும் அங்கே வண்டிகள் திரள்கின்றன. எங்கள் வண்டியையும் அருள்தந்தை ஒருவர் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். தெளித்தவர் புன்னகையோடு, "அம்மாவின் தலையில் இருப்பது சட்டியா, தலைக்கவசமா?" என்று வினவினார். நாங்கள் சிரித்து மழுப்பினோம்.

தஞ்சையில் நண்பகல் உணவு. வெயில் தணியட்டும் என்று காத்திருந்து, மூன்று மணிக்குமேல் நாகப்பட்டினச் சாலையில் திரும்பினோம். புறப்படுமுன் பின்சக்கரத்தில் காற்றைக் கூட்டினோம். இருவரும் சுமையும் ஏறும்போது முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்திற்கு அதிகக் காற்று வேண்டும். அளவு வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். சட்டைப்பையில் அடங்கும் காற்றளவுமானி ஒன்று எங்களிடம் இருந்தது. நாங்கள் வாங்கிய பொருள்களிலெல்லாம் அதுவே மலிவு, பல வெண்ணிற விளக்குகளைவிடப் பயனுள்ளதும் அதுவே. பஞ்சர் ஒட்டும் பெட்டி வைத்திருப்போர் தங்கள் வண்டியின் டயர் டியூப் இல்லாத வகையா என்று பார்த்துக்கொள்வது நலம். ரப்பர் திரியைச் செருகி அடைக்கும் அப்பெட்டி, டியூப் உள்ள டயருக்கு உதவாது.

சாலியமங்கலம் கடந்து அம்மாப்பேட்டையை நெருங்கினோம். நடைப்பயணிகளின் கூட்டம் தடித்துக்கொண்டே வந்தது. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் செல்ல இயலவில்லை. அது இறைவன் செய்த நன்மை. பக்கவாட்டில் அமர்ந்திருந்தவரின் முந்தானை காற்றில் விலகியதை நாங்கள் இருவருமே உணரவில்லை. திடீரென்று சாலையோரத்தில் நடந்த பெண்கள் கைகளை ஆட்டிக்கொண்டு, "அம்மா, சேலை! சேலை! வண்டியை நிறுத்துங்க!" என்று கூவினர். பிரேக்கை அழுத்துவதற்குள் பின்னிருந்தவர் ஒருபுறமாக இழுபட்டு, கணவரின் தோளைப் பற்றிக்கொண்டார். சேலையின் முனை சக்கரத்தின் அச்சில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருப்பின் அவரை இருக்கையிலிருந்து பறித்துத் தார்ச்சாலையில் அறைந்திருக்கும். தலையிலிருந்த அந்தச் சட்டியோ, வார் பூட்டப்படாமையால் ஏற்கெனவே பின்கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேலையை அறுத்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு முழத் துணி கிரீஸில் கறுத்துக் கிழிந்தது. காவியுடையிலிருந்த மூதாட்டி ஒருவர் தம் தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, முந்தானையை இடுப்போடு சேர்த்துக் குத்திவிட்டார். "பையைக் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இதைக் கட்டத் தெரியலையே" என்று அவர் கூறியது கணவரை நோக்கித்தான்.

சேலைக் காப்பு என்பது அலங்காரத்திற்கு வைத்த கம்பியன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு நிலையான கைப்பிடி, மிதிபடி, பின்னிருப்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும் என்கிறது. வண்டியைச் செய்தவர்கள் இவற்றைப் பொருத்தியே விற்கிறார்கள். கழற்றி எறிபவர்கள் நாம்தாம். 'கழற்றினால் வண்டி எடுப்பாக இருக்கும்' என்று இளைஞர் கழற்றுகிறார்கள். எங்களைப் போன்றோர் பைக்காகக் கழற்றுகிறோம். பக்கவாட்டில் அமர்வோர் கால் வைக்கும் தகடும் பெரும்பாலும் அக்காப்போடு சேர்ந்தே இருப்பதால், அதுவும் போய்விடுகிறது. சேலைக்கு மட்டுமன்று; துப்பட்டாவுக்கும், குருக்களின் அங்கிக்கும், வேட்டிக்கும் அதே ஆபத்துண்டு.

நீடாமங்கலத்திற்கு அப்பால் மழை பிடித்துக்கொண்டது. கணவரிடம் மழைக்கோட்டு இருந்தது. மனைவியிடம் குடை இருந்தது! ஓடும் வண்டியில் குடை விரித்தால் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும். குடையைப் பற்றியவர் அதனோடு பின்னால் சரிவார். இவ்வாறு உயிரிழந்தோரைப் பற்றி மழைக்காலந்தோறும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. நல்ல வேளையாக, அம்மாப்பேட்டையில் பெற்ற அச்சம் எங்களை விட்டு நீங்கவில்லை. தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கி நின்றோம். சட்டையும் காற்சட்டையுமாக இரண்டு துண்டாய் உள்ள மழைக்கோட்டே இருவருக்கும் ஏற்றது. போர்வைபோல் தொங்குவது காற்றில் பறந்து, மறுபடியும் சக்கரத்திடமே போய்ச் சேரும்.

மழை விட்டபோது இருட்டிவிட்டது. திருவாரூரைக் கடந்து கீழ்வேளூரை நோக்கிச் செல்கையில் எங்கள் வெண்ணிற விளக்கைப் பெருமையுடன் ஏற்றினோம். எதிரே நடந்துவந்த ஒரு குடும்பம் அப்படியே நின்று கைகளால் கண்களை மூடிக்கொண்டது. சப்பரத்தைத் தள்ளிவந்த சிறுவன் நிலைதடுமாறிச் சாலையின் நடுவே வந்துவிட்டான். விளக்கை அணைத்தோம், திரும்பி வரும்வரை அதை ஏற்றவில்லை. ஓட்டுபவர் காண்பதற்காக வாங்கிய பொருள், நடப்பவரைக் குருடாக்குகிறது. அதற்கு மாறாக, முதுகில் ஒட்டிய ஒளி திருப்பும் பட்டை எத்தனை எளியது! சில நடைப்பயணிகள் தங்கள் பைகளில் அப்பட்டையை ஒட்டியிருந்தனர். சாதாரண விளக்கொளியிலேயே வெகுதொலைவிலிருந்து அவர்கள் மின்னினார்கள். ஒட்டாதவர்களோ அருகில் வந்தபின்னரே மனிதர்களாகத் தெரிந்தார்கள். எங்கள் பக்கப் பைகளிலும் பட்டை இல்லை. போதாக்குறைக்கு, ரப்பர் கயிற்றால் கட்டியிருந்த போர்வை மூட்டை சரிந்து பின்விளக்கைப் பாதி மறைத்திருந்ததை நாகப்பட்டினத்தில் இறங்கியபோதுதான் கண்டோம்.

அங்கிருந்து வேளாங்கண்ணி 12 கிலோமீட்டர். கடற்காற்று முகத்திலறைய, பேராலயத்தின் வெண்கோபுரங்கள் விளக்கொளியில் மிதந்தன. 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் பசிலிக்காவாக உயர்த்திய ஆலயம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இவ்வூரில் எத்தனையோ குடும்பங்களின் வீட்டு விளக்கை அணைத்தது. அந்த மணலில் அமர்ந்து அன்றிரவு நாங்கள் சொன்ன செபமாலை, வழக்கமாக வீட்டில் சொல்வதைவிட மெதுவாகவே நகர்ந்தது.

மறுநாள் மாலை கொடியேற்றம் கண்டோம். அதற்கு மறுநாள் காலை நாகப்பட்டினத்தில் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு நிறுத்தினோம். "சார், சாரி கார்டைக் கழற்றினது யார்?" என்பதே அவரது முதல் கேள்வி. இடப்புறச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பழைய வண்டியொன்றின் காப்பை இரண்டு போல்ட்டுகளில் முறுக்கிப் பூட்டினார். அரைமணி வேலை. இடப்புறப் பையிலிருந்த துணிமணிகளில் பாதி தேவையற்றவை என்பது அப்போது புலப்பட்டது. அவற்றைத் தூய்மையாக மடித்து, அன்னையின் ஆலயத்தருகே இரந்து நின்றோருக்கு முன்னமே கொடுத்திருக்கலாமே என்று மனைவி சொன்னார்.

தஞ்சைக்குத் திரும்பியதும் தலைக்கவசக் கடைக்குள் நுழைந்தோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் பின்னிருப்பவரையும் சேர்த்தே தலைக்கவசம் அணியச் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் அது உண்டு. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத தலைக்கவசத்தை விற்பதே குற்றம். முத்திரையின் அருகே ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்க வேண்டும். ஓட்டின் உள்ளே தெர்மகோல் போன்ற தடித்த அடுக்கு ஒன்றுண்டு. தலை மோதும்போது அது நசுங்கி, மண்டையோட்டுக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழாது; விபத்தில் அடிபட்ட கவசத்தைப் பிறகு அணிவதில் பயனில்லை. எங்கள் பழைய சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஓட்டுக்கும் தலைக்கும் இடையே மெல்லிய பஞ்சைத் தவிர வேறெதுவும் இல்லை.

மனைவி ஐந்தாறு கவசங்களை அணிந்து பார்த்தார். வாரைப் பூட்டிக்கொண்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கித் தூக்கினால் கழன்று வரக்கூடாது என்று கடைப் பையன் காட்டிக்கொடுத்தான். கொண்டையைச் சற்றுக் கீழே இறக்கி முடிந்துகொண்டபின் ஒன்று சரியாக அமைந்தது. திருச்சி வந்து சேரும்வரை, "உள்ளே அடுப்பு மாதிரி இருக்கிறது" என்று அவர் குறை கூறிக்கொண்டேதான் வந்தார். ஆயினும் வழியில் இருமுறை தேநீருக்கு இறங்கியபோதும், மறுபடி ஏறுமுன் வாரை அவரே பூட்டிக்கொண்டார்.