பாராங் கத்தியும் போலீஸ் பயிற்சியும்: ஜாசினிலிருந்து தெற்கே

வாசகர்களே, பள்ளி விடுமுறை வந்தால் நாம் பெரும்பாலும் வடக்கே பத்துமலைக்கோ பினாங்குக்கோ கிளம்பிவிடுகிறோம். இம்முறை என்னோடு தெற்கே வாருங்கள். ஜாசின், மெர்லிமாவ், சுங்கை ரம்பை, மூவார், அப்புறம் ஜொகூர், கடைசியில் சிங்கப்பூர். ஆபத்து வருமுன்பே அதைப் பழகிக்கொள்ள முடியுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் ஐந்தாம் படிவம் முடித்துப் போலீஸ் வேலைக்கு மனுப் போடுகிறார்கள். நாளை அவர்கள் சீருடையில் எதிர்கொள்ளப் போகிறவர்களும் நம் லயத்து மனிதர்கள்தாம்.

புறப்படுமுன் வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி இருந்தால் அவசரகாலத்தைப் பற்றிக் கேளுங்கள். 1948-இல் தொடங்கியது அது. சோற்றுப் பொட்டலத்தோடு ரப்பர்க் காட்டுக்குள் போக முடியாது, வாசலிலேயே சோதனை. தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களாக நாற்பதாயிரம் பேரளவில் சேர்த்தார்கள். பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். பலருக்குத் துப்பாக்கி முதலில் வந்தது, பயிற்சி பிறகுதான் வந்தது. 1952-இல் போலீஸ் கமிஷனராக வந்த ஆர்தர் யங் இதைக் கண்டு, ஆட்களைப் பகுதி பகுதியாகத் திரும்ப அழைத்துப் பயிற்சிக்கு அனுப்பினார். மக்களிடம் மரியாதையாகப் பேசுவதும் போலீஸ் வேலையே என்று அவ்வாண்டு டிசம்பரில் ‘ஆபரேஷன் சர்வீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1953 செப்டம்பர் 3-இல், மலாயாவிலேயே முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது நமது மலாக்காவின் கடலோர வட்டாரம். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீங்கின. இந்தப் பெருமையை நம்மில் பலர் பேசுவதே இல்லை.

மூவார் வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு ஆற்றை ஒட்டி உள்ளே திரும்புங்கள். ஒரு மணி நேரத்தில் புக்கிட் கெப்போங் வரும். 1950 பிப்ரவரி 23, விடியுமுன், இருநூறு பேரளவில் கம்யூனிஸ்டுகள் இங்கிருந்த மரத்தாலான போலீஸ் நிலையத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது இவ்வூருக்கு ஆறுதான் வழி. உதவி விரைந்து வரும் வாய்ப்பே இல்லை. உள்ளே இருந்தவர்கள் இருபத்தைந்து பேரளவில், அவர்களுடைய மனைவி மக்களும் கூடவே. மனைவியரில் சிலரே துப்பாக்கி ஏந்திச் சுட்டார்கள். கடைசியில் நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். 1981-இல் படமாகவும் வந்த கதை இது. ஆனால் அந்த ஆற்றங்கரையில் நின்று பார்த்தால்தான் அந்தத் தனிமை புரியும்.

இன்னும் தெற்கே, ஜொகூர் பாருவுக்கு அருகில் உலு திராம். இராணுவத்தின் போர்ப் பயிற்சி நிலையம் இருக்கும் வட்டாரம் இது. இங்குள்ள போலீஸ் நிலையத்துக்குத்தான் 2024 மே 17 அதிகாலை ஒருவன் பாராங் கத்தியோடு வந்தான். இளம் கான்ஸ்டபிள்கள் இருவர் மாண்டனர். இன்னொரு போலீஸ்காரர் காயமுற்றார். வந்தவனும் சுட்டுக் கொல்லப்பட்டான். எல்லாம் நடந்து முடியச் சில நிமிடங்கள்தான். அப்படிப்பட்ட நிமிடங்களை முன்கூட்டியே ஒருவனுக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது?

பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வாருங்கள். பழைய சுவா சூ காங் சாலையில் 2006-இல் திறக்கப்பட்ட ‘ஹோம் டீம் அகாடமி’ இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, சிறை, குடிநுழைவு ஆகிய துறைகளின் ஆட்கள் பயிலும் இடம். நாம் உள்ளே போக முடியாது. வெளியில் நின்றபடியே விவரத்தைச் சொல்கிறேன். அங்கே கணினியால் ஆபத்தான காட்சிகளை உண்டாக்கிப் பயிற்சி தருகிறார்கள். ‘மெய்நிகர்’ என்று சொல்லும் முறையும் அதில் ஒன்று. தலையில் கனத்த கண்ணாடி ஒன்றை மாட்டுவார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படம் தெரிவதால் மூளை அதை நிஜ இடமாகவே எடுத்துக்கொள்ளும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கையில் குண்டில்லாத துப்பாக்கி. எதிரே கணினி மனிதன் ஒருவன் கத்தியோடு கத்துவான். நீங்கள் பேசும் விதத்தைப் பார்த்துப் பயிற்சியாளர் அவனைக் கத்தியைக் கீழே போடவும் வைக்கலாம், பாயவும் வைக்கலாம். முடிந்ததும் பதிவைப் போட்டுக் காட்டுவார்கள்: அவன் கையை எப்போது கவனித்தாய், ஏன் பின்வாங்கவில்லை, ஏன் அவசரப்பட்டுச் சுட்டாய்?

சுடுவதற்கு மட்டும் என்றால் பழைய இலக்குப் பலகையே போதும். சுடாமல் இருக்கக் கற்பதுதான் இதில் கடினமான பாடம் என்பது என் எண்ணம்.

பொய்க் காட்சியில் பழகுவது புதிதல்ல. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1987-இல் குவான்டிகோவில் ஒரு பொய் ஊரையே கட்டியது. அங்கே வங்கி உண்டு, ஹோட்டல் உண்டு, குற்றவாளி வேடத்தில் நடிகர்களும் உண்டு. நம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு காலத்தில் கௌபாய் ஊர் அமைத்து வேடிக்கை காட்டினார்களே, கிட்டத்தட்ட அப்படி. கண்ணாடி முறையில் ஊர் கட்ட வேண்டிய செலவில்லை; ஒரே நாளில் பத்துக் காட்சிகள் பார்க்கலாம். ஆனால் தள்ளுமுள்ளின் கனம், வியர்வையின் வழுக்கல் இவையெல்லாம் கண்ணாடிக்குள் வராது. சிலருக்குத் தலைசுற்றலும் உண்டு.

எனக்குள்ள கவலை வேறு. அந்நிய நாட்டில் செய்த காட்சியில் கையில் நீண்ட கத்தி வைத்திருப்பவன் எப்போதும் குற்றவாளி. நம் தோட்டத்திலோ காலை ஆறு மணிக்குப் பாராங்கோடு நடப்பவர் புல்வெட்டப் போகிற மாமா. செம்பனை அறுக்கும் அரிவாளைத் தோளில் சாய்த்து மோட்டார் சைக்கிளில் போகிறவர் அண்டை வீட்டுக்காரர். லயத்தில் மனநிலை சரியில்லாத ஒருவர் அதே பாராங்கை ஓங்கி நிற்கலாம். அவருடைய தாய் பக்கத்தில் தமிழில் அழுதுகொண்டிருப்பாள். உலு திராமுக்கு வந்தவன் கையில் இருந்ததும் அதே கத்திதான். நகரத்திலேயே வளர்ந்த இருபது வயதுக் கான்ஸ்டபிள் இவர்களை ஒரு கணத்தில் பிரித்தறிய வேண்டுமானால், அவன் பழகும் காட்சியில் ரப்பர் மரமும் லயத்து வாசலும் அந்தத் தாயின் குரலும் இருந்தாக வேண்டும். இதைச் செய்து தரத் தோட்டத்தை அறிந்தவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது மூவாரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். புக்கிட் கெப்போங் பக்கம் போவதானால் காலையிலேயே போய்விடுவது நல்லது. பொழுது சாய்ந்தால் அந்த ஆற்றோரச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு.